மரம் வைத்தவன் சொல்கிறேன்

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது அவனுக்கே ஐம்பத்து நான்கு வயது. ஊரில் நாலு பேருக்கு நல்லது செய்கிறவன், செல்வாக்கு உள்ளவன்.

"சார், நம்ம ஊர் சேத்துப் பள்ளத்துல ஆயிரம் மரக்கன்று நடப்போறோம். நீங்கதான் சிறப்பு விருந்தினர். முதல் கன்று உங்க கையால வைக்கணும். எங்களுக்கு மரம் நடச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே!"

வர மாட்டேன் என்று சொன்னேன். உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டான். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. அந்த இடத்துல மரம் வைக்கக் கூடாது. அதனாலதான் வரலை" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என்ன சார், நீங்களா இப்படிச் சொல்றீங்க?" என்றான்.

அன்றிலிருந்து ஊரில் எனக்கு நல்ல பெயர் இல்லை. வயதாகிவிட்டது, மாஸ்டருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று ஒருவர் சொன்னாராம். மரத்துக்கு எதிரி என்று இன்னொருவர். போனில் பாதி, டீக்கடையில் பாதி என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

1984. குந்தா பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. எதைக் கண்டாலும் சீர்திருத்த வேண்டும் என்று கை பரபரக்கும் வயது. பள்ளிக்குக் கீழே ஒரு பள்ளம். இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே, ஏழெட்டு ஏக்கர் இருக்கும். எப்போது பார்த்தாலும் ஈரம். கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கும். கறுப்புச் சேறு, நடுநடுவே குத்துக்குத்தாகப் புல். மாடு மேய்க்கிற பையன்களைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். வருவாய்த்துறைக் கணக்கில் அது தரிசு.

ஜூலை மாதம் வன மகோற்சவ வாரம். நாற்றங்காலில் இருந்து அறுநூறு கன்றுகள் இலவசமாக வந்தன. பாதி சீகை, பாதி கற்பூர மரம். நம் மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் இருப்பவர்களுக்காக: சீகை என்று இங்கே சொல்வது சோப்புக்குப் போடுகிற சீகைக்காய் இல்லை, ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த வாட்டில் மரம். கற்பூர மரம் யூகலிப்டஸ், அதுவும் ஆஸ்திரேலியாதான்.

நூற்றிருபது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இறங்கினேன். ஹட்டியில் இருந்து ஒரு பெரியவர், தலையில் வெள்ளை முண்டாசு, மேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இறங்கி வந்தார். "வாத்தியாரே, அது தண்ணி இருக்கிற எடம். அங்க மரம் நிக்காது. நின்னா தண்ணி நிக்காது" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மரம் இருந்தாத்தான் மழை வரும் தாத்தா. புத்தகத்தில் இருக்கு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஈரம் அதிகமாக இருந்ததால் கன்றுகள் நிற்கவில்லை. நான் விடுவேனா? மறு வருஷம் பெரிய பையன்களை வைத்துப் பள்ளத்தின் குறுக்கே இரண்டு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தேன். பிறகு கன்றுகள் பிடித்தன. பிடித்தன என்பது சாதாரண வார்த்தை. சீகை காடாக மண்டியது. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

ஹட்டிக்குக் கீழே கல்தொட்டி ஒன்று உண்டு. அந்தப் பள்ளத்தில் இருந்து கசிந்து வரும் ஊற்றுத் தண்ணீர் அதில் விழும். மார்ச், ஏப்ரலில்கூட விரல் தடிமனுக்கு விழுந்துகொண்டே இருக்கும். தொண்ணூறுகளில் அது நூல் மாதிரி மெலிந்தது. 2001 கோடையில் நின்றது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். எங்கள் ஊரில் மரம் வைத்தவன் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றான். நானும் என் மனைவியும் அந்த வரிசையில் நின்றோம். முண்டாசுப் பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

மழை குறைந்துபோனதால்தான் ஊற்று வற்றியது என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனால் போன அக்டோபரில் முக்கூர்த்திக்குப் போய்வந்த பிறகு, அந்தச் சமாதானம் என்னிடம் எடுபடவில்லை.

முக்கூர்த்தி தேசியப் பூங்காவை நம்மில் பலர் தூரத்தில் இருந்து மூக்கு மாதிரி நிற்கும் சிகரமாகத்தான் பார்த்திருப்போம். உயரம் 2,554 மீட்டர். பூங்காவின் பரப்பு 78 சதுர கிலோமீட்டர்தான். 1982 இல் சரணாலயம், 1990 இல் தேசியப் பூங்கா. ஊட்டி ஏரிபோல நினைத்தவுடன் போகிற இடமில்லை. வனத்துறை அனுமதி வேண்டும், கூடவே அவர்கள் ஆள் வருவார். பேரன் தாவரவியல் படிக்கிறான். அவன்தான் எல்லாம் ஏற்பாடு செய்தான். பார்சன்ஸ் வேலி அணையைத் தாண்டிப் போனோம். ஊட்டி நகரத்துக்குக் குடிதண்ணீர் போகிற அணை அது. அந்த அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாற்பது வருஷம் இந்த மலையில் இருந்தும் நான் யோசித்ததில்லை.

முதலில் சீகைத் தோப்பு. உள்ளே இருட்டு. கீழே காய்ந்த இலை, சுள்ளி. வேறு ஒரு செடி இல்லை, ஒரு பறவைச் சத்தம் இல்லை. தோப்பு முடிந்து வெளியே வந்ததும் கண் கூசியது. அடுக்கடுக்காகப் புல்மலைகள். மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைகள், மேலே குடை விரித்ததுபோல. ஓரத்தில் காட்டுப் பூவரசு. இரண்டு மேடுகளுக்கு இடையே தாழ்ந்த இடத்தில், நான் 1984 இல் பார்த்த அதே கறுப்பு ஈரப் பள்ளம். அதே புல் குத்துகள். ஒரு நிமிஷம் என் பள்ளிக்கூடத்துக்குக் கீழேயே நிற்கிறேனோ என்று தோன்றிவிட்டது.

வனத்துறைத் தம்பி முன்னால் நடந்தார். "ஐயா, உள்ள கால வைக்காதீங்க. ஓரத்துல கல்லு மேல மட்டும் நில்லுங்க" என்றார். கல்லில் நின்றபடி கைத்தடியை ஊன்றினேன். பாதிக்கு மேல் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன்தான் நான். "உள்ளங்கைய மெதுவா வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். நனைந்த மெத்தையை அழுத்தியதுபோல விரல்களுக்கு நடுவே தண்ணீர் பொங்கி வந்தது, பனிக்கட்டிக் குளிர்ச்சியோடு. கையை எடுத்ததும் மண் மறுபடி உறிஞ்சிக்கொண்டது. மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

பேரன் மண்டியிட்டுக் கூப்பிட்டான். "தாத்தா, இதைப் பாருங்க." சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஒரு செடி. இலையில் சிவப்பு மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி. பனித்துளி என்றுதான் நினைத்தேன். அதில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு கால் உதைத்துக்கொண்டிருந்தது. அழுகண்ணி. நாட்டு மருந்துக்கடையில் பெயர் கேட்டிருக்கிறேன், உயிரோடு பார்த்தது அன்றுதான். சதுப்பு மண்ணில் சத்துக் கிடையாது. அதனால் அது பூச்சியைப் பிடித்துச் சாப்பிட்டு வாழ்கிறது. வேறு எதுவும் பிழைக்க முடியாத இடத்தில் பிழைக்கக் கற்றுக்கொண்ட செடி. மரம் வந்து நிழல் விழுந்தால் செத்துப்போகும். என் பள்ளத்தில் இது எத்தனை இருந்திருக்குமோ? நூற்றிருபது ஜோடிக் கால்கள் மிதித்தபோது ஒரு பிள்ளையைக்கூடக் குனிந்து பார்க்கச் சொல்லவில்லை நான். ஆசிரியன்!

புல்லுக்குள் இருந்து ஒரு சிறு பழுப்புக் குருவி எழுந்து சற்றுத் தள்ளி இறங்கியது. நீலகிரி நெட்டைக்காலி என்றான் பேரன். தென்னிந்தியாவின் உயரமான புல்வெளிகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எதிர்ச் சரிவில் ஏழு வரையாடுகள், பாறையில் செதுக்கி வைத்ததுபோல. நம் மாநில விலங்கு. 2024 இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031. அடுத்த ஆண்டு 1,303. ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்ணிக்கைகூட இல்லை. அவை மேய்வது புல். நாம் மேட்டுக்கு மேடு சீகை வைத்தபோது அவற்றின் சோற்றுத் தட்டைத்தான் பிடுங்கினோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கறுப்பு மண் என்ன என்று பேரன் விளக்கினான், வந்தபின் நானும் படித்தேன்.

பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் நிற்பதால் மண்ணுக்குள் காற்றுப் புகாது. குளிர் வேறு. அதனால் சாகிற புல்லும் பாசியும் முழுதாக மக்குவதில்லை. நார் நாராக ஒன்றன்மேல் ஒன்று அமுங்கிச் சேர்ந்துகொண்டே போகும். பீட் என்று ஆங்கிலத்தில் பெயர். பஞ்சு மாதிரி மழையில் குடித்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். ஊட்டி-பைக்காரா சாலையில் சாண்டிநல்லா தெரியும் அல்லவா? அந்தப் பள்ளத்தாக்கின் கறுப்பு மண்ணைத் தோண்டி விஞ்ஞானிகள் வயது கணக்கிட்டார்கள். 1997 இல் கட்டுரை வந்தது. 40,000 ஆண்டுவரை போகிறது. நம் கல்லணைக்கு வயது இரண்டாயிரம் என்று பெருமைப்படுகிறோம். இது மலை தானே கட்டிக்கொண்ட அணை. அதை நான் மண்வெட்டியும் பதின்மூன்று வயதுப் பையன்களும் கொண்டு இரண்டு நாளில் உடைத்தேன்.

அந்த மண்ணில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. புல் மக்கிய மண்ணையும் மரம் மக்கிய மண்ணையும் பிரித்துச் சொல்ல முடியுமாம். அதன்படி பார்த்தால், மனிதன் காட்டை அழித்ததால் இங்கே புல்வெளி வரவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. காலநிலை மாற மாறப் புல் விரிந்திருக்கிறது, சோலை விரிந்திருக்கிறது, மறுபடி சுருங்கியிருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பள்ளங்களில் உறைபனி விழுவது நமக்குத் தெரியும். சோலை மரத்தின் கன்றுகள் அந்தப் பனியில் கருகிவிடும். அந்த இடத்தில் மரம் வேண்டும் என்று மலை நினைத்திருந்தால் இத்தனை காலத்தில் வைத்துக்கொண்டிருக்காதா? நம்முடைய கடப்பாரைக்கா காத்திருந்தது?

தரிசு என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது? 1819 இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே வந்தார். பின்னாலேயே வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். மரம் இல்லாத மலை அவர்கள் கண்ணுக்கு வீணாகக் கிடக்கும் நிலம். வரி வராத நிலம் வெறும் நிலம். தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த இடம் என்பது கணக்கில் வரவில்லை. விறகுக்காக சீகையும் கற்பூர மரமும் கொண்டுவந்தார்கள். சொந்த ஊர் ஞாபகத்துக்காக அவர்கள் நாட்டுப் பொட்டல்வெளிகளில் வளரும் கோர்ஸ், புரூம் என்ற மஞ்சள் பூச்செடிகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஊட்டியைச் சுற்றி அவை இன்றும் புல்லைத் தின்றுகொண்டிருக்கின்றன.

சரி, வெள்ளைக்காரன் போய்விட்டான். நாம் என்ன செய்தோம்? அவன் சின்ன அளவில் செய்ததை நாம் ஐந்தாண்டுத் திட்டம் போட்டுச் செய்தோம். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், செயற்கைப் பட்டுக்கும் காகிதத்துக்கும் மரக்கூழ் வேண்டும் என்று மலை மலையாக நட்டோம். பிறகு அதுவே தானாகப் பரவியது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டினால், தீ வைத்தால், மறுநாளே விழித்துக்கொள்ளும். 1973 முதல் 2017 வரை செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் 23 சதவீதம், அதாவது சுமார் 340 சதுர கிலோமீட்டர், அயல் மரங்களாக மாறிவிட்டது என்கிறது. நாலு முக்கூர்த்தி தேசியப் பூங்கா அளவு.

"மரம் இருந்தாத்தான் மழை வரும்" என்று நான் அன்று சொன்னேன் அல்லவா? நம் நீலகிரியிலேயே கிளென்மார்கனில் மண், நீர்ப் பாதுகாப்பு விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் கற்பூர மரம் வைத்தார்கள். பத்து வருஷம் அளந்தார்கள். மரம் வைத்த பக்கம் ஓடைக்கு வந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுபடி துளிர்த்து வளர்ந்தபோது இன்னும் அதிகமாகக் குறைந்தது. இது 1988 இலேயே அச்சில் வந்துவிட்டது. நான் அப்போது சீகைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இது மலைக்காரன் பிரச்சினை என்று சமவெளியில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். கோவைக்காரர்கள் குடிக்கிற பில்லூர்த் தண்ணீர், ஈரோட்டு வயலுக்குப் போகிற பவானிசாகர்த் தண்ணீர், பைக்காராவில் 1932 முதல் சுற்றுகிற மின்சார எந்திரத்தின் தண்ணீர், எல்லாவற்றுக்கும் இந்தப் புல்லிலும் சேற்றிலும் பங்கு இருக்கிறது.

தோடர்களைக் கேட்டால் எப்போதோ சொல்லியிருப்பார்கள். முத்தநாடு மந்தில் கூம்பு வடிவக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கோயில்களுக்குக் கூரை வேய்கிற புல்லில் ஒரு வகை சதுப்பில் மட்டும்தான் வளரும். சதுப்பு போனால் புல் போச்சு, புல் போனால் சாமிக்குக் கூரை போச்சு. இதைவிட எளிமையாக யார் பாடம் நடத்த முடியும்? நாம் கேட்கவில்லை. மாறாக அவர்களுக்கு மரம் நடுவது பற்றி வகுப்பு எடுத்தோம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மாணவன் போனில் சொன்னதுதான்.

"சார், உலகமே சூடாகுது. மரம் கரியமில வாயுவை இழுக்குது. நீங்க வேண்டாம்கறீங்களே?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கறுப்பு மண் முழுவதும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல் இழுத்து வைத்த கரிதான். வாய்க்கால் வெட்டி உலர்த்தினால், காற்றுப் புகுந்து மண் மக்கி, அந்தக் கரி மறுபடி காற்றுக்கே போகும். வங்கியில் போட்டு வைத்த பாட்டன் சொத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, உண்டியலில் ஐம்பது ரூபாய் போட்டு சேமிப்பு என்று சொல்வது போன்றது இது.

"சீகை விறகு இல்லாம இருந்தா ஜனங்க சோலையை வெட்டியிருப்பாங்களே?" இதில் உண்மை இருக்கிறது. சீகை எத்தனையோ வீட்டில் அடுப்பு எரித்திருக்கிறது, என் வீட்டு அடுப்பையும் சேர்த்து. இருக்கிற சீகையை எல்லாம் நாளைக்கே வெட்டித் தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. சில பழைய தோப்புகளுக்குள் சோலை மரக் கன்றுகள் நிழலில் தானாக முளைத்து வருகின்றன. அங்கே பொறுமை வேண்டும். எங்கே எதை எடுப்பது என்று தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். அயல் தாவரங்களை அகற்ற 2022 இல் தமிழ்நாடு அரசே ஒரு கொள்கை வெளியிட்டது. ஒரு கையால் சீகையை எடுக்கச் செலவு செய்துகொண்டு, மறு கையால் மிச்சமிருக்கும் சேற்றில் கன்று வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

"நாட்டு மரம்தான் சார் வைக்கப்போறோம்." நாட்டு மரமானாலும் சேற்றில் வைக்க வாய்க்கால் வெட்டத்தானே வேண்டும்? தண்ணீரை வடித்தபின் நாவல் வைத்தால் என்ன, சீகை வைத்தால் என்ன?

மரம் என்றால் யாரிடமும் இல்லை என்று சொல்ல முடியாத நாட்டைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே ஃப்ளோ கன்ட்ரி என்று பெரிய சதுப்பு வெளி. வரிச்சலுகை கிடைக்கிறது என்று 1970, 80-களில் அங்கே வாய்க்கால் வெட்டி ஊசியிலை மரங்களை நட்டுத் தள்ளினார்கள். பறவைகள் போயின, சதுப்பு காய்ந்தது. கூச்சல் எழுந்தது, 1988 இல் சலுகையை நிறுத்தினார்கள். பிறகு நட்ட மரங்களைத் தாங்களே வெட்டி, வாய்க்கால்களை அடைத்து, மறுபடி தண்ணீரை நிறுத்தினார்கள். 2024 இல் அந்தச் சேற்றுக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் கிடைத்தது. நம் மலையைத் தரிசு என்று எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் சேற்றின் அருமையைத் தெரிந்துகொண்டார்கள். நாம் இன்னும் அவர்கள் தாத்தா எழுதிய கணக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. மாணவன் தயங்கித் தயங்கி அதையும் சொன்னான். மரம் வளர்ந்தபின் நடைபாதை, ஒரு சின்னப் படகுக் குளம், குழந்தைகள் விளையாடும் இடம், டூரிஸ்ட் வருவார்கள், ஊருக்கு வருமானம். வண்டி தாங்காமல் நீதிமன்றம் தலையிட்டு நீலகிரிக்கு இ-பாஸ் கொண்டுவந்து, சீசனில் நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கட்டுப்பாடு போட்ட பிறகும் நமக்கு ஆசை விடவில்லை. வருகிறவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து கொடுப்பாய் என்று கேட்டேன். பதில் இல்லை.

ஊர்ப் பெரியவர்களுக்கு, என் வயதுக்காரர்களுக்கு நான் கேட்பது அதிகமில்லை. நாம்தான் நட்டோம். தப்பு என்று சொல்ல வேண்டியவர்களும் நாம்தான். நம்மைத்தான் மேடைக்கு அழைக்கிறார்கள், நம் கையில்தான் முதல் கன்றைக் கொடுக்கிறார்கள். வாங்காதீர்கள். உங்கள் ஊரில் ஒரு சேற்றுப் பள்ளம் மிச்சமிருந்தால், அதற்குக் கீழே எந்த ஊற்று இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். தரிசு என்று எழுதியிருக்கும் கணக்கில் நீர்நிலை என்று எழுதச் சொல்லி மனுக் கொடுங்கள். மரம் நட ஆசையா? வெட்டிச் சிதைந்த சோலை ஓரங்கள் இருக்கின்றன, வீட்டு வேலி இருக்கிறது, சமவெளியில் மொட்டையாகப் போன சாலைகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே நடுங்கள். நானும் குழி தோண்ட வருகிறேன்.

சான்றிதழைக் கூடத்தில் இருந்து கழற்றிவிட்டேன். "நாற்பது வருஷமா இருந்தது, சுவர் வெறிச்சோடிக் கிடக்கு" என்றாள் மனைவி. கிடக்கட்டும்.

மாணவனுக்கு நேற்று நானே போன் செய்தேன். நடுவிழாவை ஒரு மாதம் தள்ளி வைக்கச் சம்மதித்திருக்கிறான், அவ்வளவுதான். மனசு மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பள்ளத்து ஓரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவன் பேத்தியையும் அழைத்து வருவான். கடப்பாரை வேண்டாம், ஒரு பூதக்கண்ணாடி மட்டும் கொண்டு வா என்றேன். அழுகண்ணி அங்கே இன்னும் இருக்கிறதா என்று தேடப்போகிறோம். அந்தப் பிள்ளை குனிந்து பார்த்தால் போதும். 1984 இல் நான் நடத்தாமல் விட்ட பாடம் அது.